வலது காதில் இருப்பவன்

மச்சி,

ஹெட்போனை மாட்டினால் இடது காதில் நீ இருக்கிறாய். வலது காதில் முதலில் ஒன்றுமில்லாமல் இருந்தது. ஒரு வாரம் முழுக்க ஆபீஸ் கிளம்பும் முன் இந்தப் பாட்டைத் திறந்தேன், கேட்டேன், பொறுக்காமல் மூடிவிட்டேன்.

நீ போய் ஆறு மாதம் கழித்து உன் மனைவி போன் செய்தாள். "அண்ணா, கடைசியா உங்க வீட்ல வாசிச்ச பாட்டு ஒண்ணு கீதுன்னு சொன்னாரு. முடிச்சுத் தர்றீங்களா?" தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அதில் பாதிதான் இருக்கிறது என்று அப்போது அவளுக்குத் தெரியாது. பாதியில் நின்றதற்கு நான்தான் காரணம் என்பதும் தெரியாது.

அந்தச் சனிக்கிழமை, ராஜா அண்ணாமலைபுரத்தில் என் வீட்டு உள்ளறை. மைக்கில் இரைச்சல் விழும் என்று மின்விசிறியை நிறுத்திவிட்டு இருவரும் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தோம். பட்டினப்பாக்கத்திலிருந்து தோளில் கிட்டாரோடு நடந்தே வந்திருந்தாய். நம் வழக்கப்படி ஒரே ஸ்ட்ரம்மிங்கை, அதே கிட்டார் மீட்டலை, இரண்டு முறை வாசிக்க வேண்டும். முதலாவது இடது பக்கத்துக்கு, அடுத்தது வலது பக்கத்துக்கு. முதலாவதை முடித்து, தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி கிட்டாரை மடியில் வைத்தாய். எனக்கோ பெருங்குடி ஆபீசிலிருந்து அழைப்பு மேல் அழைப்பு.

"போதும்டா, இதையே காப்பி பண்ணி அந்தப் பக்கம் போட்டுக்கிறேன்" என்றேன்.

"அது வேலைக்காவாது மச்சி. ரெண்டு தபா வாசிச்சாதான் ரெண்டு பக்கமும் விரிஞ்சு அகலமா கேக்கும். நாலு நிமிசம், உக்காரு."

நான் உட்காரவில்லை. "இன்னா மச்சி, எப்பப் பாரு ஓடிக்கினே கீற" என்று சிரித்தபடி கிட்டாரை உறைக்குள் வைத்தாய். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன். புதன்கிழமை உனக்கு மாரடைப்பு. நாலு நிமிடம்! என் மேல் எனக்கிருக்கும் ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

காப்பி செய்தும் பார்த்தேன். இரண்டு காதிலும் அச்சு அசலாக ஒன்றே ஒலிக்க, நீ நடு மண்டையில் போய் உட்கார்ந்துகொண்டாய். ஒரு பக்கத்தை மட்டும் ஒரு துளி நேரம் தள்ளிப் போட்டேன்; தகர டப்பாவுக்குள் இருந்து வாசிப்பது போல ஆனது. நீ சொன்னது சரிதான், போதுமா? கடைசியில் நானே கிட்டாரை எடுத்தேன். சரணத்துக்குள் நுழையும் முன் ஒரு கணம் தயங்குவாயே, அந்தத் தயக்கம் எனக்கு வரவேயில்லை. ஒவ்வொரு முறையும் உனக்கு முன்னால் போய் நின்றேன். விரல் நுனி தேய்ந்ததுதான் மிச்சம். இருந்ததில் தேறியதை வலது பக்கம் வைத்து, ஒன்றும் சொல்லாமல் அவளுக்கு அனுப்பிவிட்டேன்.

மறுநாள் அழைத்தாள். "வலது காதுல வாசிக்கிறது நீங்கதானேண்ணா?"

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"அவரு இவ்ளோ அவசரப்பட மாட்டாரு."

அப்புறம்தான் எல்லாவற்றையும் சொன்னேன். திருத்தித் தருகிறேன் என்றேன். "வேணாம்ணா. நீங்க முன்னாடி ஓடுவீங்க, அவரு பொறுமையா பின்னாடி வருவாரு. எப்பவும் அப்டித்தானே. அப்டியே இருக்கட்டும்" என்றாள்.

இப்போதும் தினமும் கேட்கிறேன். சரணம் நெருங்கும்போது, "நில்லுடா, அவன் வரட்டும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். வலது காதில் இருப்பவன் நிற்பதேயில்லை.