மார்செய் பட்டணத்துப் படப் புத்தகம்

திண்டிவனம்
16-2-1938

சிரஞ்சீவி குணபத்திரனுக்கு அப்பா எழுதுவது. அருகன் அருளால் இங்கே எல்லோரும் நலம், உடம்பைப் பொறுத்தவரை அது உண்மைதான். நீ பம்பாயில் நலமாக இருப்பது உன் கடிதத்தில் கண்டு சந்தோஷம். மற்றபடி அந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் எனக்கு ஒரு வேளை நிம்மதி இல்லை. நடந்ததை வரிசையாக எழுதினால்தான் என் மனம் ஆறும், அதனால் பொறுமையாகப் படி. சம்மதம் என்று இன்று காலையே உனக்குத் தந்தி கொடுத்துவிட்டேன். தந்தியில் ஒரு வார்த்தைதான் போட முடியும், அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் நான் பட்ட பாடு இதில் இருக்கிறது.

உன் கம்பெனி உன்னை ஜூன் முதல் ஆறு மாதத்துக்குப் பிரான்சு தேசத்து மார்செய் துறைமுகத்துக்கு அனுப்புகிறது என்றும், இங்கிருந்து கப்பலில் போகும் மல்லாட்டைப் பயறு மூட்டைகளை அங்கே இறக்கும்போது நம் பக்கத்து ஆளாக நின்று தரம் பார்க்க வேண்டும் என்றும், இருபதாம் தேதிக்குள் பதில் சொல்லாவிட்டால் வேறொருவனை அனுப்பிவிடுவார்கள் என்றும், அம்மா சரி என்றால்தான் போவேன் என்றும் எழுதியிருந்தாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். அம்மா அந்த ஊரைப் படத்தில் பார்த்தால் பயம் தெளியும், புதுச்சேரியில் படம் போட்ட வழிகாட்டிப் புத்தகம் கிடைக்கும், நல்லதாக ஒன்று தேர்ந்து அவளுக்குக் காட்டிவிட்டு எனக்கு அனுப்புங்கள் என்று ஒரு வரி சேர்த்தாயே, நம் வேர்க்கடலை மண்டியில் மூட்டை வரத்து உச்சத்தில் இருக்கிற இந்தத் தை மாசியில் அந்த ஒரு வரி என்னை மூன்று தடவை புதுச்சேரி பஸ்ஸில் ஏற்றிவிட்டது. கடிதத்தைப் படித்துக் காட்டியதும் உன் அம்மா, "முப்பது வருசமா நம்ம மல்லாட்டை அந்த ஊருக்குப் போய்க்கினு இருக்குது, நாம என்னைக்காச்சும் பின்னாடியே போனோமா? மல்லாட்டை போவட்டும், புள்ளை எதுக்குப் போவணும்?" என்று ஆரம்பித்தாள். புதுச்சேரிக் காலேஜில் இரண்டு வருஷம் பிரெஞ்சு படித்தவன் என்பதால்தான் இவனைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், இனி இந்த வாய்ப்பு வராது என்று எடுத்துச் சொன்னேன். கடைசியில், "கண்ணால பாக்காத ஊருக்கு எப்படி அனுப்புறது? படத்தைக் கொண்டாங்க, பார்த்துட்டு சொல்றேன்" என்றாள்.

புதுச்சேரியில் எனக்குத் தெரிந்தவர் சவுரிராயன் ஒருவர்தான், அங்கே கோர்ட்டில் மொழிபெயர்ப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நீ படிக்கும்போது உன்னை வீட்டில் வைத்துக்கொண்டாரே அவர். அவரையும் கூட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கத்துப் புத்தகக் கடைக்குப் போனேன். மார்செய் ஊருக்கு இரண்டு புத்தகம் எடுத்துப் போட்டார்கள். ஒன்று மெலிந்தது, முப்பத்திரண்டு பக்கம், பக்கத்துக்கு ஒரு வர்ணப் படம், ஓவியன் கையால் தீட்டியது, கடல் சலவை நீலம் மாதிரி இருந்தது, குன்றின் மேல் ஒரு மாதா கோவில், கீழே ஓட்டு வீடுகள். இன்னொன்று தடி, இருநூற்றுச் சொச்சம் பக்கம், கறுப்பு வெள்ளை போட்டோக்கள், டிராம் வழிகள், தெருப் பட்டியல், சாப்பாட்டுக் கடைகள், இடையிடையே மடித்து வைத்த வரைபடங்கள். சவுரிராயன், "நயினாரே, பாக்கறதுக்கா நடக்கறதுக்கா? அத்த மொதல்ல முடிவு பண்ணுங்க" என்றார். அந்தக் கேள்வியை நான் சரியாக யோசித்திருக்க வேண்டும். நடக்கப் போகிறவன் நீ, பார்க்கப் போகிறவள் அவள், முதலில் அவள் சம்மதம் கிடைக்கட்டும் என்று கணக்குப் போட்டு மெலிந்த புத்தகத்தை வாங்கினேன். தப்பு என்னுடையதுதான்.

அம்மா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து முப்பத்திரண்டு பக்கத்தையும் பார்த்தாள். பார்த்துவிட்டு, "ஏங்க, இந்த ஊர்ல மனுசாளே இல்லையா?" என்றாள். திரும்பப் பார்த்தேன், உண்மைதான், கடல் இருக்கிறது, படகு இருக்கிறது, ஒரு படத்திலும் ஒரு ஆள் இல்லை. "சன்னலெல்லாம் சாத்திக் கெடக்குது. கொள்ளை நோய் வந்த ஊராட்டம் இருக்குது. இவன் யாரு கிட்ட வழி கேப்பான்?" என்றாள். ஓவியன் அழகுக்காக அப்படிப் போட்டிருக்கிறான் என்றேன். "படம் போட்டவனே ஊருக்குள்ள வர பயந்துக்கினு மலை மேல குந்திப் போட்டிருக்கான், என் புள்ளை உள்ள போவணுமா?" என்றாள்.

இரண்டாம் தடவை போய்ப் புத்தகத்தை மாற்றிக்கொண்டேன். கடைக்காரர் முகத்தைச் சுளித்தார், சவுரிராயன் "இன்னா நயினாரே, ஊரு புடிக்கலியா?" என்று கேட்டுச் சிரித்தார். திரும்பும்போது எல்லைச் சாவடியில் சுங்கக்காரன் பையைப் பிரித்தான், சாராயப் புட்டி ஏதும் இல்லை என்றதும் விட வேண்டியதுதானே, புத்தகத்தை எடுத்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினான். காட்சிச் சாலையில் உள்ள ஏதோ ஒரு கற்சிலை, மேலே துணி இல்லாத பெண்பிள்ளை, அந்தப் பக்கத்தில் நிறுத்தி, "பெரியவரே, இத்த யாருக்குக் காட்ட எடுத்துக்கினு போறீங்க?" என்றான். நான் யோசிக்காமல் என் சம்சாரத்துக்கு என்று சொல்லிவிட்டேன். பஸ் முழுவதும் சிரித்தது. திண்டிவனம் வந்து சேரும் வரைக்கும் பின்னால் இருந்து ஒருவன் விட்டு விட்டுச் சிரித்துக்கொண்டே வந்தான்.

இந்தப் புத்தகம் அம்மாவுக்குப் பிடித்தது. ஆட்கள் இருக்கிறார்கள், கூடை தூக்கும் பெண்கள், நாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும் கிழவர், சந்துக்குக் குறுக்கே கயிறு கட்டிக் காயும் துணி. "நம்மளாட்டந்தான் தொவைச்சுப் போட்டுக்கினு இருக்காங்க" என்றாள், முகம் தெளிந்துவிட்டது, இன்றைக்கே சரி என்பாள் என்று நினைத்தேன். நாற்பதாம் பக்கத்தில் மீன் சந்தை. துறைமுகக் கரையிலேயே கூடை கூடையாக, கண் விழித்த மீன்கள். அடுத்த தாளில் கறிக் கடையில் தோல் உரித்துத் தொங்கும் ஆடுகள். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போனாள், அன்று சாப்பிடவில்லை. ஏன் என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். மறுநாள் நான் மண்டியில் இருந்தபோது கஞ்சிப் பசை காய்ச்சி அந்தத் தாள்களை முன்னும் பின்னும் உள்ள தாள்களோடும் சேர்த்து ஒட்டிவிட்டாள். உனக்குத் தெரியும், வீட்டுக்கு வரும் பத்திரிகையில் கறி மீன் படம் எது இருந்தாலும் நம் வீட்டாரின் கண்ணில் படக்கூடாது என்று அவள் இப்படி ஒட்டிவிடுவது வழக்கம், விளம்பரத்தைக்கூட விடமாட்டாள். பத்திரிகை ஒரு நாள் கழிந்தால் பழசு, போகட்டும் என்று நானும் இத்தனை வருஷம் விட்டுவிட்டேன். ஆனால் இது வழிகாட்டிப் புத்தகம். மீன் சந்தைப் படத்தின் பின்பக்கத்தில்தான் துறைமுகத் தெருக்களின் வரைபடம், உன் கம்பெனிக் கிடங்கு இருக்கும் தெரு அதில்தான் வருகிறது. கறிக் கடைக்குப் பின்னால் சாப்பாட்டுக் கடைகளின் பட்டியல், எதில் என்ன கிடைக்கும் என்பது. இவள் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று படம் கேட்டாளோ அதையே ஒட்டி வைத்துவிட்டாள்.

எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. கத்தியால் நெம்பிப் பார்த்தேன், வரைபடத்தின் ஒரு மூலை கிழிந்தது, அதோடு நிறுத்தினேன். "அவன் கண்ணுல அது படக்கூடாதுன்னுதான்" என்றாள். இருபத்தாறு வயசு ஆண்பிள்ளை, தினம் அந்தச் சந்தை வழியாகத்தான் வேலைக்கு நடக்க வேண்டும், கண்ணையும் பசை போட்டு ஒட்டி அனுப்புவாயா என்று கேட்டுவிட்டேன். இரண்டு நாள் பேசவில்லை. உன் அக்கா குசுமா விழுப்புரத்திலிருந்து ரயில் ஏறி வந்தாள், பஞ்சாயத்துப் பண்ணுவாள் என்று பார்த்தால், "அப்பா, நீங்க எடுத்துக்கினு வந்தது புஸ்தகமா வம்பா?" என்று கேட்டுவிட்டு அம்மா பக்கம் சேர்ந்துகொண்டாள். அவளுடைய சின்னவனுக்குப் பல் முளைக்கிறது, வீட்டில் அவன் அழுகை வேறு.

தேதி பதினான்கு ஆகிவிட்டது. கடையில் வேறு பிரதி இருந்தால் வாங்கிவிடலாம் என்று மூன்றாம் தடவை போனேன், இல்லை, பிரான்சிலிருந்து வரவழைக்க இரண்டு மாதம் என்றார்கள். சவுரிராயனையே கையோடு பஸ்ஸில் கூட்டி வந்தேன். அவர் ஆவி காட்டினால் பசை விடும் என்றார், வாசலில் அடுப்பு மூட்டி வெந்நீர்ப் பானை வைக்கச் சொன்னேன். புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர், "அம்மா, நான் மீன் துன்னுறவன். இந்தப் பக்கத்த நானே பிரிக்கிறேன், உங்களுக்கு எதுக்கு அந்தப் பாவம்?" என்றார். உன் அம்மா அதுவரை கதவோரம் நின்றவள் வந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டு, "ஒட்டினவ நான், நானே பிரிக்கிறேன்" என்றாள். ஆவிக்கு மேல் பிடித்து, விரல் நுனியால் ஒவ்வொரு தாளாகப் பிரித்தாள். நாலு தாளும் நன்றாக வந்தது. பிரித்துவிட்டு மீன் சந்தைப் படத்தை முகம் திருப்பாமல் பார்த்தாள். "இதைத் தாண்டித்தான் போவணுமா?" என்றாள். சவுரிராயன் வரைபடத்தைப் பார்த்து, வேறு வழியும் உண்டு, கால் மணி கூடுதல் என்றார். "கால் மணிதானே, நடக்கட்டும்" என்றாள்.

அப்புறம் அவர் படிக்கப் படிக்க இவள் கேள்வி கேட்டாள். காய்கறிச் சந்தை விடியற்காலையே கூடுகிறது. கடைகளில் சூப்பு என்று கொடுப்பதில் எலும்பு வேகவைத்த தண்ணீர் இருக்கலாம், கேட்காமல் குடிக்காதே. இருட்டினால் நாம் உண்பதில்லையே, அங்கே எப்போது இருட்டும் என்றாள், ஜூன் மாதம் எட்டு மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்குமாம், ஆனால் நவம்பரில் ஐந்துக்கு முன்பே போய்விடுமாம். உடனே விரல் விட்டு எண்ணி, "அப்போ கடைசி மாசம் நாலரைக்கே சாப்பிட்டாவணும். ஆபீசுல வுடுவானா? இப்பவே கேட்டு வெச்சுக்கச் சொல்லுங்க" என்றாள். மாமிசம், மீன், முட்டை மூன்றும் உண்ணமாட்டேன் என்று சவுரிராயன் பிரெஞ்சில் எழுதிய சீட்டு இத்துடன் இருக்கிறது, உனக்கு மொழி தெரியும் என்றாலும் சட்டைப் பையில் வைத்துக்கொள், அம்மா உத்தரவு. தண்ணீர் வடிகட்டும் துணி இரண்டு தனிப் பார்சலில் வருகிறது.

நேற்று மத்தியானம் சரி போகட்டும் என்றாள். விழுப்புரத்தில் மாப்பிள்ளை ரயில் பார்சலில் சேர்த்துவிடுவார், குசுமாவிடம் கொடுத்தனுப்பலாம் என்று காகிதம் கயிறெல்லாம் எடுத்துக்கொண்டு புத்தகத்தைக் கேட்டேன். தரமாட்டேன் என்றாள். மூன்று தடவை பஸ்ஸில் இடிபட்டு வாங்கி வந்தது அவனுக்காக, அவன் ஊரில் வழி தெரியாமல் நிற்கப் போகிறான் என்று சத்தம் போட்டேன். அதற்கு அவள், "அவனுக்குத்தான் ஊரே இருக்கப் போவுதே. எனக்கு இன்னா இருக்குது?" என்றாள். கயிற்றைச் சுருட்டி உள்ளே வைத்தேன்.

ஆகவே புத்தகம் வராது. பம்பாயிலோ அந்தத் துறைமுகத்திலோ நீயே ஒன்று தேடி வாங்கிக்கொள். படத்தைப் பார்த்து மயங்காதே, எந்த வருஷம் அச்சிட்டது, தெருப் பட்டியல் இருக்கிறதா, வரைபடம் மடிப்பில் கிழியாமல் இருக்கிறதா என்று பார். கப்பலில் மேல்தட்டில் காற்றில் நிற்காதே. கம்பெனிக்காரர்களிடம் நாலரை மணி விஷயத்தை மறக்காமல் பேசு, பேசியதை எழுது.

அருகன் உன்னை நல்லபடியாகக் கொண்டுபோய் நல்லபடியாகக் கொண்டுவரட்டும். அம்மா, அக்கா இருவர் ஆசீர்வாதமும். முக்கியமாக ஒன்று, போய் இறங்கிய அன்றே நீ தங்கும் தெருவின் பெயரையும் கதவு எண்ணையும் எழுதிப் போடு. வரைபடத்தில் அந்த இடத்தை நான்தான் இவளுக்குத் தேடிக் காட்ட வேண்டும், அது தெரியும் வரை என்னைத் தூங்க விடமாட்டாள்.

உன் நலம் கோரும் அப்பா
அ. ஜம்புகுமார நயினார்