வலது இடுப்பில் வாள்

நாட்டிங்ஹாம்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ஹேசலுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அவருடைய முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முன்பே சேதி சொல்லிவிடுகிறது. நீயும் மாப்பிள்ளையும் பெர்த் வெயிலில் கருகாமல் நன்றாக இருக்க வேண்டும். பட்டறையை மூடிவிட்டீர்களா என்று போனில் கேட்டாயே, மூடவில்லை. அப்பா பக்கத்திலேயே இருந்ததால் காரணத்தைச் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஒரு சிப்பாய்ப் பொம்மைக்கு ஆகும் உலோகம் ஒரு கோப்பை டீயின் விலைகூடப் பெறாது என்பது உனக்கே தெரியும். ஆனால் அதன் மூல உருவத்தைச் செதுக்க அப்பாவுக்கு ஒரு குளிர்காலமே போகும், அச்சு தேயும், வாடகை மட்டும் தேயாது. நூறு பேர் வாங்கினால்தான் நாங்கள் சாப்பிடலாம், நூறு பேர் வாங்கிவிட்டால் இது எல்லார் வீட்டிலும் இருக்கிறதே என்று அடுத்த ஆள் முகம் சுளிப்பார். இந்தக் கணக்கில் மூழ்கிக்கொண்டிருந்தபோது, கடைசி முயற்சியாக வாட்டர்லூ போர்க் குதிரைப்படை அதிகாரி ஒருவரைக் குதிரையோடு செய்தார். வாள் எப்படித் தொங்கும் என்று பார்க்க, படுக்கையறைக் கண்ணாடிக்கு முன்னால் என் குடையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்று, கண்டதை அப்படியே செதுக்கினார். கண்ணாடி இடப்பக்கத்தை வலப்பக்கமாகக் காட்டும் என்பது எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் ஏறவில்லை, இடது இடுப்பில் தொங்க வேண்டிய வாள் வலது இடுப்பில் ஏறிவிட்டது. வார்த்து, வண்ணம் தீட்டி, ஊரெல்லாம் அனுப்பியும் ஆயிற்று.

முதலில் வந்தவர் டாட், ஓய்வுபெற்ற பல் டாக்டர், எங்கள் பழைய வாடிக்கைக்காரர். மிஸ்டர் ஹாலம், உங்க ஆளு வாள உருவணும்னா எதிரிகிட்டதான் ஒரு கை கேக்கணும் என்றார். அப்பாவின் முகம் செத்துவிட்டது. நான்தான், டாக்டர், வேணாம்னா குடுத்துட்டுப் போங்க, மிச்சத்தோட சேத்து உருக்கிடறோம் என்றேன். அவர் பொம்மையைச் சட்டென்று கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, உருக்கிட்டா வெளிய எத்தன இருக்கும் என்று மெதுவாகக் கேட்டார். அந்த வாரமே, வாள் தப்பு என்று திட்டி எழுதியவர்கள் எல்லாரும் மிச்சத்தைக் கேட்டு வாசலில் நின்றார்கள், மூன்று மடங்கு விலை சொன்னேன், ஒருவரும் முனகவில்லை. அப்பா வாளை இடப்பக்கம் மாற்றிச் செய்த அதிகாரியை மட்டும் யாரும் தொடவே இல்லை. சரியாச் செஞ்சவன் தூங்குறான், தப்பாச் செஞ்சவன் பறக்குறான், நான் எதுக்குடி நாப்பது வருஷம் புத்தகம் படிச்சேன் என்று அப்பா இரண்டு நாள் புலம்பித் தீர்த்தார். அடுத்த பொம்மையில் தொப்பியையாவது திருப்பி வையுங்கள் என்று கெஞ்சினேன். உட்கார்ந்து பார்த்தார், வேண்டுமென்றே தப்புச் செய்யக் கை வரவில்லை.

பிறகு, இனிமேல் ஒன்றுகூட வார்க்க மாட்டீர்கள் என்பதற்கு என்ன உறுதி என்று வாங்கியவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். எல்லார் கண் முன்னாலும் மூல உருவத்தை உடைக்க வேண்டுமாம். போன சனிக்கிழமை டெர்பி பொம்மைக் கண்காட்சியில் அப்பாவை மேடையேற்றிச் சுத்தியலைக் கையில் கொடுத்தார்கள். அந்தக் குதிரையின் காதுகளை அவர் எத்தனை தடவை அழித்து அழித்துச் செய்தார் என்பது எனக்குத் தெரியும். ஓங்கினவர் அப்படியே நின்றார், பிறகு அடித்தார். மூக்கு நுனியில் கண்ணீர் சொட்டியது. கூட்டம் எழுந்து கைதட்டியது. டாட் குனிந்து, உடைந்த துண்டுகளுக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தார். கண்காட்சி நடத்துகிறவர் என் காதருகே வந்து, பிரமாதம்மா, அடுத்த வருஷமும் அழுவாரா என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தச் சுத்தியலைப் பிடுங்கியிருக்க வேண்டும். அழுவாரு, ஆனா வாசப் பக்கத்து விற்பனை மேசை எங்களுக்கு வேணும் என்று சொல்லிவிட்டேன், ஹேசல்.

அப்பாவுக்கு இது தெரியாது, நீயும் வாய் விடாதே. வெயிலில் தொப்பி இல்லாமல் அலையாதே. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடு, என்னைக் கேட்பதற்கு முன் அவரைக் கேள். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் துணையாக, குறையில்லாமல் வாழ வேண்டும்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
டோரீன் ஹாலம்