அப்பாவின் காதுப் பரிசோதனை

1953 ஆடி மாதம், செவ்வாய் இரவு.

அப்பாவுக்கு வர இருந்த பட்டாளப் பென்ஷன் இன்று என்னால் போயிற்று.

யுத்த காலத்தில் திருகோணமலையில் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று இரண்டு காதும் போனவர் அவர். காது கேட்காதென்று உறுதியானால்தான் பென்ஷன். அதைச் சோதிக்க ஒரு டாக்டர் அட்டன் நகருக்கு வந்திருந்தார். அவருடைய இங்கிலீஷை மொழிபெயர்க்க நான் கூடப் போனேன். அப்பாவை என் எதிரே உட்காரவைத்துவிட்டு, டாக்டர் அவருடைய முதுகுக்குப் பின்னால் நின்று, "முத்தையா!" என்று கூப்பிட்டார். யாராவது அப்பாவைக் கூப்பிட்டால் அந்தப் பக்கம் கண்ணைக் காட்டுவது என் பழக்கம். காட்டிவிட்டேன். அப்பா சட்டென்று எழுந்து திரும்பி சல்யூட் அடித்தார்.

காது நன்றாகத்தான் கேட்கிறது என்றார் டாக்டர். நான் கண் காட்டியதைச் சொன்னேன். அப்பாவுக்காக மகள் பொய் சொல்வது புதிதல்ல என்று சிரித்தார்.

அப்பாவிடம் எதையும் சொல்லவில்லை. தோட்டத்து லயத்தில் எங்கள் வீட்டுக்கு வந்ததும் அவர் அம்மாவிடம், "கூப்புட்ட ஒடனே திரும்பி சல்யூட் அடிச்சேன் புள்ள. டாக்டருக்கு ஒரே சிரிப்பு. இந்த வாட்டி கெடச்சிரும்" என்றார்.

அம்மா என்னைப் பார்த்து, "அப்புடியா?" என்று கேட்டாள். தலையாட்டிவிட்டேன்.

அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. எதையும் காதோரம் கத்தித்தான் சொல்ல வேண்டும். கத்தினால் லயம் முழுக்கக் கேட்கும். இதை எப்படிக் கத்துவேன்?