அவர் சாப்பிட்ட சைனீஸ்

ஜூன் 9, திங்கள்

பாண்டியில் காலையிலேயே வெக்கை. கடற்காற்று பதினொன்றுக்கு மேல்தான். துணிக்கடையில் கூட்டம் இல்லை. பில் போட்டதைவிட விசிறிக்கொண்டதுதான் அதிகம்.

18, புதன், அவருடைய முதல் வருஷத் தெவசம். படையலுக்கு:

வேட்டி, துண்டு
தலைவாழை இலை
வஞ்சிரம் (வறுக்க)
உளுந்து, வெல்லம், முருங்கைக்காய்
சைனீஸ். என்னவென்று தெரியவில்லை.

கடைசி வருஷம் பூராவும் சென்னைப் பக்கம் கார் சவாரி போய் வந்தால் "இன்னிக்கு சைனீஸ்" என்பார். என்ன சாப்பிட்டார் என்று ஒரு நாளும் நான் கேட்கவில்லை. கேட்டது வேறு. "வீட்டுச் சாப்பாடு கசக்குதா உங்களுக்கு?" சிரிப்பார். "அது வேற ருசி, விடு."

பிடித்ததை வைக்காவிட்டால் படையல் எதற்கு?

காலாப்பட்டிலிருந்து ஜெயா போன். அண்ணன் தெவசத்துக்கு என்ன என்ன செய்கிறாய் என்று விசாரணை. அவருடைய தங்கை, அப்படித்தான் கேட்பாள் என்று விட்டுவிட முடியவில்லை. போன வருஷம் அவரைக் கிடத்தியிருக்கும்போதே எல்லார் முன்னாலும் கேட்டாள்: "தெனம் சோறு போட்டவளுக்குத் தெரியலியா?" இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

ஏழெட்டு மாதமாவது வலி இருந்திருக்கும் என்றார் டாக்டர். வயிற்றில் கட்டி. அந்த ஏழெட்டு மாதமும் என் காரக்குழம்பை மறுசோறு கேட்டுச் சாப்பிட்டவர்.

ஜூன் 11, புதன்

சாரம் மார்க்கெட் பக்கம் தள்ளுவண்டி. சில்லி சிக்கன். சிவப்புச் சாயம் விரலைவிட்டுப் போகவில்லை. காரம் கண்ணில் தண்ணீர். இதையா?

ஜூன் 12, வியாழன்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஏசி சைனீஸ் கடை. தனியாகப் போய் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. "எத்தினி பேரும்மா?" "நான் மட்டும்தான்." நாலு பேர் மேசையில் உட்காரவைத்து மூன்று தட்டை எடுத்துக்கொண்டு போனான்.

கோபி மஞ்சூரியன்: இனிப்பா புளிப்பா என்று அதுவே முடிவு பண்ணவில்லை.
ஸ்வீட் கார்ன் சூப்: பாயசத்துக்கு உப்புப் போட்ட மாதிரி.
ஷெஸ்வான் நூடுல்ஸ்: இரண்டு வாய். மீதியைக் கட்டித் தரச் சொன்னேன்.

பக்கத்து மேசையில் பிரெஞ்சு பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் நம்மூர்ப் பெரியவர் ஒருவர், மனைவியோடு. அந்த அம்மாவுக்கு எலும்பை எடுத்துவிட்டு மீனை நகர்த்தி வைத்தார். "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னது அந்த அம்மா. நாற்பது வருஷம் குடும்பம் நடத்தியவர்களைப் போல் இருந்தார்கள். எங்களுக்கு இருபத்தாறு. எழுந்து வந்துவிட்டேன்.

ஜூன் 14, சனி

தூறல் போல் வந்து ஏமாற்றிவிட்டது.

கடை வாசலில் மணி காரை நிறுத்தினான். அவரோடு ஒரே டிராவல்ஸில் ஓட்டியவன். அவனிடமே கேட்டேன், அவர் என்ன சாப்பிடுவார் என்று.

"எனக்கெங்க தெரியும் அண்ணி? மாமல்லபுரத்துல கெஸ்ட்ட எறக்கி உட்டுட்டு நாங்கள்லாம் மெஸ்ஸுக்குப் போவோம். அண்ணன் மட்டும் அந்த சைனீஸ் கடைக்கிப் போயிடுவாரு. கூட வரேன்னாலும் உடமாட்டாரு."

"ஏன்?"

"என்னாத்தக் கண்டோம். பெரிய ஆளு ஆயிட்டாருன்னு கிண்டல் பண்ணிட்டிருந்தோம்."

கடை எங்கே என்று எழுதி வாங்கிக்கொண்டேன். கடற்கரைக் கோயிலுக்குப் போகிற தெரு, பச்சைக் கதவு. திங்கள் லீவு சொல்லியாயிற்று.

நடுவில் ஒரு கெட்ட நினைப்பும் வந்தது. கடைக்கா போனார், வேறு யாரையாவது பார்க்கவா? எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் வந்தது.

ஜூன் 16, திங்கள்

மாமல்லபுரத்துக்கு ஏழு மணி பஸ். ஜன்னல் சீட். காலாப்பட்டில் ஜெயா கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று முந்தானையை இழுத்துக்கொண்டேன். அடுத்த ஊர் கனகசெட்டிக்குளமும் தாண்டிய பிறகுதான் மூச்சு விட்டேன். ஏதோ திருடப் போகிறவளைப் போல.

கடை சின்னது. ஆறு மேசை. பிரேம் என்று ஒருவர், ஐம்பது வயதிருக்கும். டார்ஜிலிங் பக்கமாம். சமையல், கல்லா எல்லாம் அவரே. போனில் இருந்த போட்டோவைக் காட்டினேன்.

"பாண்டி அண்ணா! எங்க, ஆளே காணோம்?"

சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். பிறகு நான் வந்த விஷயத்தைக் கேட்டேன். மெனு அட்டையைத் தள்ளி வைத்தார்.

"இதுல இல்ல அக்கா. இருங்க."

முக்கால் மணி நேரம். கிண்ணத்தில் கொண்டு வந்து வைத்தார். வெள்ளையாக, குழைய வெந்த சோறு. கோழி வேகவைத்த தண்ணீர். மேலே துளி இஞ்சி. காரம் கிடையாது. எண்ணெய் கிடையாது.

கஞ்சி.

"எங்க ஊர்ல சைனா ஆளுங்க இத காலைல தெனம் சாப்பிடுவாங்க. ஒரு நாள் எனக்குன்னு வெச்சத அண்ணா பாத்தாரு. எனக்கும் குடுன்னாரு. அப்புறம் வந்தா இதுதான். நான் கேட்டேன், வீட்ல செய்ய மாட்டாங்களா? கேட்டா பயந்துடுவா, சொன்னாரு. டாக்டர்கிட்ட போ சொன்னேன். சீசன் முடியட்டும், சொன்னாரு."

எங்கள் வீட்டில் கஞ்சி வைத்தால் யாருக்கு உடம்பு சரியில்லை என்று எதிர்வீட்டுக்காரர்கள்வரை கேட்பார்கள். காய்ச்சலில்லாமல் யாரும் கஞ்சி கேட்டதில்லை. அவர் கேட்டிருந்தால் அன்றைக்கே கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போயிருப்பேன். அது தெரிந்துதான் கேட்கவில்லை. நூறு கிலோமீட்டர் தள்ளிப் போய், சைனீஸ் என்று பேர் வைத்துக் குடித்திருக்கிறார்.

முழுக் கிண்ணமும் குடித்தேன். பிரேம் காசு வாங்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அழுகை வரவில்லை. கோபம்தான். பாவி மனுஷா.

ஜூன் 17, செவ்வாய்

வஞ்சிரம் சொல்லியாயிற்று. வேட்டி கடையிலேயே எடுத்துவிட்டேன்.

இனி ஜெயாவுக்குப் பதில் சொல்லலாம். உன் அண்ணன் மறைத்தார், என்மேல் தப்பில்லை. நாலு பேர் முன்னால் கேட்டாள், நாலு பேர் முன்னாலேயே சொல்லலாம். காலையிலிருந்து மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் கடைசியில் "கசக்குதா உங்களுக்கு" என்று நான் கேட்டதில் வந்து நிற்கிறது.

பச்சரிசி, இஞ்சி, கோழி அரைக் கிலோ.

ஜூன் 18, புதன்

விடிகாலையில் நல்ல மழை. பிறகு புழுக்கம்.

பத்தரைக்குப் படையல். வடை, பாயசம், சாம்பார், வஞ்சிரம் வறுவல். இலையின் நடுவில் கஞ்சிக் கிண்ணம். ஜெயா பார்த்துவிட்டாள்.

"என்னா அண்ணி இது? படையல்ல யாராவது கஞ்சி வெப்பாங்களா? நோயாளியா எங்கண்ணன்?"

"ஆமா" என்றேன்.

வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கற்பூரம் காட்டி முடித்தேன். அப்புறம் அவளைச் சமையல்கட்டுக்குக் கூட்டிப்போய்ச் சொன்னேன். மாமல்லபுரம், பச்சைக் கதவு, பிரேம், எல்லாம். சண்டை போடுவாள் என்று தயாராகத்தான் இருந்தேன்.

சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணன் எங்கூட்டுக்கும் வரும் அண்ணி."

"எப்ப?"

"சென்னையிலேருந்து வரப்ப. வண்டிய ரோட்டுலயே நிறுத்திட்டு வரும். கொஞ்சம் கஞ்சி வெய்யி ஜெயான்னும். சூட்டு வலின்னு சொல்லுச்சு. ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு என் புள்ள தலைமேல கை வெச்சு சத்தியம் வாங்கிடுச்சு. நானும் வெச்சுக் குடுத்தேன் அண்ணி. ஆறு மாசம் வெச்சுக் குடுத்தேன்."

எல்லாம் தெரிந்தவள்தான் போன வருஷம் எல்லார் முன்னாலும் என்னை அப்படிக் கேட்டாள். அறையலாம் என்று கை எழுந்தது, உண்மை. அவள் நகரவில்லை. அடி வாங்கத் தயாராக இருந்தவளைப் போல முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வருஷமாக இதற்குத்தான் காத்திருந்தாளோ என்னவோ.

கூடத்தில் பந்திக்குக் கூப்பிட்டார்கள். நாங்கள் போகவில்லை.

கோபம் போகவில்லை. நாளைக்கும் இருக்கும். கிண்ணத்தை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தேன். "நீ வெச்சது இப்படித்தான் இருந்துச்சா, குடிச்சுப் பாத்து சொல்லு" என்றேன். ஒரு வாய் குடித்தாள்.

"அண்ணன் உப்பு கம்மியா போடச் சொல்லும்" என்றாள்.