நாலாவது போல்ட்டு

ஆடி 5, ஞாயிறு

அப்பாவின் பழைய அம்பாசிடரிலிருந்து எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இன்று நானும் அத்தானும் வீட்டு முற்றத்திலேயே தூக்கினோம். அடியில் கியர்பாக்ஸைப் பிடித்திருக்கும் போல்ட்டு நான்கு. மூன்றைக் கழற்றினேன். நாலாவது துருவேறி அசையவில்லை. சாரலில் தரையெல்லாம் சேறு. ஐந்தருவியில் கூட்டம் இல்லை என்று வேறு சொல்லியிருந்தார்கள். குளிக்கப் போகிற அவசரம் எனக்கு.

"நாலும் கழத்தியாச்சா மாப்ளே?" என்று அத்தான் கேட்டார்.

"ஆச்சு அத்தான்" என்றேன்.

எஞ்சினைத் தூக்கும் செயின் பிளாக்கை நான்தான் இழுத்தேன். முன்பக்கம் எழும்பியது, பின்பக்கம் மாட்டிக்கொண்டதில் எஞ்சின் சட்டென்று பக்கவாட்டில் சாய்ந்தது. தாங்கிப் பிடித்திருந்த அத்தானின் வலது கை நசுங்கிவிட்டது. இரண்டு விரலில் தையல்.

ராத்திரி அவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டே அக்கா என்னிடம், "எப்படிலே ஆச்சு?" என்றாள்.

"அவன்ட்ட ஏன் கேக்கே? நான்தான் கைய அங்கன வச்சேன்" என்றார் அத்தான்.

நானும் தலையாட்டினேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், யாரும் பார்க்குமுன் அந்த போல்ட்டுக்கு எண்ணெய் விட்டுக் கழற்றிவிட்டேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.