தாய்வழிப் பங்கு

ஜூலை 9, 2024, செவ்வாய்

பதினொன்றாம் வகுப்புக்குச் செல் பாடம். மைட்டோகாண்ட்ரியா வரைந்தேன். வெளிச்சவ்வு, உள்சவ்வு, உள்ளே மடிப்பு மடிப்பாகக் கிரிஸ்டே. பதினான்கு வருடமாக வரைகிறேன், கை தானாகப் போகிறது. 'செல்லின் ஆற்றல் நிலையம்' என்று எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டேன். பரீட்சைக்குக் கட்டாயம் வரும்.

வர்ஷாவின் விளையாட்டு டீச்சர் மறுபடியும் டைரியில் எழுதி அனுப்பியிருக்கிறார். பாதிச் சுற்று ஓடிவிட்டு உட்கார்ந்துவிடுகிறாளாம். ஒன்பது வயதில் என்ன சோம்பல்? சாயங்காலம் நானே அண்ணனூர் மைதானத்துக்குக் கூட்டிப்போய் மூன்று சுற்று ஓடச் சொன்னேன். இரண்டாவது சுற்றில் வாந்தி எடுத்தாள். வாயைக் கழுவிவிட்டு மூன்றாவதையும் ஓடவைத்தேன்.

ஜூலை 20, சனி

வர்ஷாவுக்கு வலிப்பு. ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். சரவணன் ரயில் கார்ஷெட்டிலிருந்து கிரீஸ் கையோடு அப்படியே ஓடிவந்தார்.

ஜூலை 23, செவ்வாய்

தசை, மூளை, ரத்தம் எல்லாம் பார்க்கிறார்கள். என் ரத்தமும் வேண்டுமாம். அவள் அப்பாவுடையது வேண்டாமாம்.

ஏன் வேண்டாம் என்று அவர் கேட்டார். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. ரத்தம் எடுக்கக் கையை நீட்டினேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

வந்துவிட்டது. மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.வில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது. சாப்பாடு போகிறது, காற்று போகிறது, ஆற்றல்தான் வருவதில்லை. ஓடச் சொன்னால் ஓட அவளிடம் எதுவும் இருந்ததில்லை. நான் ஓடவைத்தேன்.

"நீங்க பயாலஜி டீச்சராமே, ஈஸியாப் புரிஞ்சுக்குவீங்க" என்றார் டாக்டர். புரிந்தது. எல்லாம் புரிந்தது. மாத்திரைகள் உண்டு, குணமாக்க ஒன்றுமில்லை.

என்னிடமும் இருக்கிறது. எனக்குக் கொஞ்சம், அவளுக்கு நிறைய. கல் கலந்த மூட்டையிலிருந்து அரிசி அளப்பது மாதிரிதான். ஒரு படியில் இரண்டு கல், இன்னொரு படியில் கைப்பிடிக் கல். எந்தக் கருமுட்டைக்கு எந்தப் படி என்று யாருக்கும் தெரியாது.

எனக்குக் கூடப்பிறந்தவர்கள் உண்டா என்று கேட்டார். ஒரு தங்கை, ஆறு மாசக் கர்ப்பிணி என்றேன். பேனாவை மூடிவைத்தார். "அவங்ககிட்டச் சொல்லிடுங்க. அவங்க டாக்டருக்கும் தெரியணும்."

ஆகஸ்ட் 14, புதன்

"குழந்தைக்கு மைட்டோகாண்ட்ரியா யாரிடமிருந்து வருகிறது?" ஒரு மார்க் கேள்வி. "அம்மாகிட்டேர்ந்து மிஸ்" என்று நாற்பது பேரும் கத்தினார்கள். வெரிகுட் என்றேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

சென்னீர்குப்பம் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்குச் சர்க்கரை, காதும் மந்தம். இரண்டுமே இந்த நோயின் வேலைதான் என்று இப்போது தெரிகிறது. ரகசியத்தைக் கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று.

"அப்போ நான்தான் குடுத்தனா?"

இல்லை என்று சொல்ல வந்தது. அது பொய்யாகியிருக்கும்.

"யுவராணிகிட்ட இப்ப மூச்சு உடாதே. மாசமா கீற பொண்ணு காதுல கெட்டது போடக் கூடாது. வளைகாப்பு முடியட்டும், என் தலைமேல சத்தியம் பண்ணு" என்றாள். கையைப் பிடித்து இழுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். பி.எட். படித்த கை. இழுத்துக்கொள்ளத் தெம்பில்லை.

ஆகஸ்ட் 30, வெள்ளி

யுவராணி போன். "அக்கா, எனக்கும் சுகராம். அம்மா புத்தி வரலை, அம்மா சுகர் வந்துடுச்சு பாரு." சிரிக்கிறாள். மாத்திரை கொடுத்திருக்கிறார்களாம். எந்த மாத்திரை என்று கேட்டேன். இந்த நோய்க்குச் சில மாத்திரைகள் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாத்திரைப் பெயரை அவள் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் அவள் வீட்டுக்காரர் ஜீவா வேலையிலிருந்து வந்துவிட்டார், போனை வைத்துவிட்டாள்.

மறுபடி கூப்பிட்டிருக்கலாம். ஏன் கூப்பிடவில்லை? சத்தியமா? சத்தியத்துக்குப் பயப்படுகிறவளா நான்? அவள் சிரிப்பை நிறுத்துகிற ஆளாக இருக்கப் பயம். அதுதான்.

செப்டம்பர் 6, வெள்ளி

வளைகாப்பு. அம்மா முதலில் போட்டாள், அப்புறம் நான். கன்னத்தில் சந்தனம் தடவியபோது, "அழாதே அக்கா, வர்ஷாவுக்குச் சரியாயிடும்" என்று அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள். நான் பச்சை வளையல் போட்டேன். பாவி. எப்படிப் போட்டேன்?

செப்டம்பர் 8, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

வீட்டில் அவளும் நானும்தான். வெளிச்சவ்வு, உள்சவ்வு என்று ஆரம்பித்தேன். வகுப்பு எடுப்பதுபோல எடுத்தேன், சீ. அவள் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டாள்.

"உனக்கு எப்பத்திலேருந்து தெரியும்?"

"ஆகஸ்ட் பதிமூணு."

"அப்ப எனக்கு வளையல் போடும்போது தெரியும். நான் மாத்திரை முழுங்கும்போது தெரியும்."

"அம்மாதான்டி..."

"அம்மாவுக்கு இன்னா தெரியும்? படிச்சவ நீதானே?"

இரண்டு கையையும் நீட்டினாள். "நீ போட்டதைக் கழட்டு."

வளைகாப்பு வளையலைப் பிரசவம்வரை கழற்றக் கூடாது. அவளுக்கும் தெரியும். மாட்டேன் என்றேன். நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. சோப்பு போட்டு ஒவ்வொன்றாகக் கழற்றினேன். எட்டு வளையல். சோப்பில் வழுக்கி ஒன்று உடைந்து அவள் மணிக்கட்டைக் கீறிவிட்டது. அப்போதும் முகத்தைத் திருப்பவில்லை.

செப்டம்பர் 11, புதன்

ஜீவா பேசினார். டாக்டரிடம் சொல்லி மாத்திரையை நிறுத்தி ஊசிக்கு மாற்றிவிட்டார்களாம். "குழந்தைக்கு எவ்ளோ போயிருக்குன்னு இப்பவே உறுதியாச் சொல்ல முடியாதாம். இத்தனை நாள் நிம்மதியா இருந்தோம் அக்கா" என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அக்டோபர் 2, புதன்

யுவராணி போனை எடுப்பதில்லை.

வர்ஷாவை இரண்டாவது மாடிக்குச் சரவணன்தான் தூக்கிக்கொண்டு ஏறுகிறார். "மூணு சுத்து ஓடுனா சரியாயிடுமாம்மா?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டாள். பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அக்டோபர் 25, வெள்ளி

ஒன்றுமில்லை. நாள் போகிறது. எனக்கு எதுவும் வேண்டாம்போல இருக்கிறது.

நவம்பர் 21, வியாழன்

பெண் குழந்தை. இரண்டு கிலோ எழுநூறு. ஜீவா சொல்லித்தான் தெரியும். வரட்டுமா என்று கேட்டேன். "கொஞ்ச நாள் போகட்டும் அக்கா."

நவம்பர் 27, புதன்

விடிந்தும் விடியாததுமாய்ப் போன். யுவராணி. பதினோரு வாரம் கழித்து அவள் குரல். எப்படியிருக்கிறாய் என்றெல்லாம் கேட்கவில்லை.

"பால் குடிக்கும்போது பாதியிலேயே களைச்சுப்போயிடுது. நெத்தியெல்லாம் வேர்க்குது. எல்லாரும் பச்சப்புள்ள அப்படித்தான்னு சொல்றாங்க. வர்ஷாவுக்கு இருந்துச்சா?"

வர்ஷா அப்படித்தான் இருந்தாள். நாங்கள் அதை நல்ல பிள்ளை, படுத்தாமல் தூங்கிவிடுகிறது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தோம். அது வெறும் களைப்பாகவும் இருக்கலாம், எத்தனையோ குழந்தைகளுக்கு இருக்கும் என்று சொல்லிவிடலாம். அதுவும் பொய்யில்லை. நாக்கு நுனிவரை வந்தது.

"இருந்துச்சுடி" என்றேன்.

அந்தப் பக்கம் குழந்தை சிணுங்குவது கேட்டது.

"எப்ப வர்ற?" என்றாள்.