நீலத்தோல் மூட்டை

ஃபெஸ் நகரம்,
ஞாயிறு.

அன்புள்ள யம்னாவுக்கு, உன் வீட்டுக்காரன் பூஅஸ்ஸா சலாம் சொல்லி எழுதுவது. நான் சுகம். அந்த ஸ்பெயின்காரன் தோட்டத்தில் குனிந்து குனிந்து ஸ்ட்ராபெரி பறித்து நீ பாதி உயரமாகியிருப்பாய். வரும்போது அடையாளம் சொல்லிவிட்டு வா.

எனக்கும் இப்போது குனிகிற வேலைதான். தோல் பட்டறையில் சீவித் தள்ளும் கழிவைப் பிரிக்கிறேன். மரப்பட்டைச் சாற்றில் ஊறியது பழுப்பு, குரோம் மருந்தில் ஊறியது நீலம். பழுப்பைத் திண்டுக்குள் திணிக்கிறார்கள். நீலத்தை ஒருவர் அரைத்து அழுத்திச் செருப்புக்கு உள்ளட்டை செய்கிறார். பிரித்துப் பிரித்து, ஹரீரா கஞ்சியில்கூட நீலம் தேடுகிறேன்.

முன்பு யார் பிரித்தார்கள்? எல்லாம் ஒரே மூட்டை. கழுதைமேல் ஏற்றி, ஹம்மாம் குளியல்கூடத்தில் அடுப்பு எரிக்கும் உன் தம்பி மிமூனிடம் கொடுத்துவிடுவேன். "மச்சான், உன் நீலத்துண்டு போட்டா தண்ணி கொதியா கொதிக்குது, குளிக்கிற பொம்பளைங்க பாட்டு தெருவுக்கே கேக்குது" என்பான். அவன் இருமினால், "உன் இருமலுக்கு என் கழுதை பதில் சொல்லுதுடா" என்று சிரித்தவன் நான்தான்.

நோன்பு முடிந்ததும் நகராட்சி ஆட்கள் வந்தார்கள். நீலத்தை எரித்தால் அந்தப் புகை நெஞ்சை அரிக்கும் என்றார்கள். எரிக்கக் கொடுத்தவன் எவன் என்று தெரிந்தால் அன்றோடு அவனுக்கு வேலை இல்லை என்றார் முதலாளி. நான் தொட்டிக்குள் குனிந்துகொண்டேன்.

மிமூனுக்கு இப்போது நாலு படி ஏறினால் மூச்சு முட்டுகிறது. என்ன எரிக்கிறாய் என்று டாக்டரம்மா கேட்டதற்கு, விறகு என்று சொல்லியிருக்கிறான். ஏன்டா பொய் சொன்னாய் என்று சத்தம் போட்டேன். "உண்மையச் சொன்னா எவன் குடுத்தான்னு கேப்பாங்க. உன் வேலை போச்சுன்னா எங்க அக்கா இன்னும் ரெண்டு வருசம் அங்க குனியணும் மச்சான்" என்றான்.

வியாழக்கிழமை மறுபடியும் டாக்டரம்மாவிடம் போகிறான். துணைக்கு நானும் போகிறேன். சட்டைப்பையில் ஒரு பிடி நீலத்தோல் சீவல் எடுத்து வைத்திருக்கிறேன், அவனுக்குத் தெரியாது. இந்தக் கடிதம் உன் கைக்கு வருமுன் அதை டாக்டரம்மா மேசைமேல் கொட்டியிருப்பேன்.

நீ இன்னொரு பருவமும் அங்கே இருக்க நேர்ந்தால் திட்டு, என்னை மட்டும் திட்டு. தம்பிக்கு அன்பாக ஒரு வரி எழுது. உன் முதுகுக்கும் அவன் நெஞ்சுக்கும் அல்லாஹ் சுகம் கொடுக்கட்டும்.

உன்
பூஅஸ்ஸா